பஞ்சாயத்து ரேடியோவும் பிச்சைமுத்துவின் நாக்கும்

குளத்தூருக்கும் நார்த்தாமலைக்கும் நடுவில் இருக்கிற கருங்குளப்பட்டிக்குக் கரண்ட் வந்தது அறுபத்தொன்றில். ரேடியோ அதற்கும் முன்னால், ஐம்பத்தாறிலேயே வந்துவிட்டது. சர்க்கார் கொடுத்த பெட்டி. தண்டியான ஒரு பேட்டரியில் பாடும். சாயங்காலம் திறந்து எட்டு மணிக்குப் பூட்ட ஓர் ஆள் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் ஆண்டியப்பன் ஊரையே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சாவியைப் பிச்சைமுத்துவின் கையில் கொடுத்தார். ஏன் அவனிடம் என்று கேட்டவர்களுக்கு, "பேசாத பய பக்கத்துல இருந்தாத்தான்யா பொட்டி பேசுறது கேக்கும்" என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பிச்சைமுத்து கெட்டவன் கிடையாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், கடலைக் கொல்லையில் விடிந்ததும் இறங்கினால் வெயில் தாழ்ந்துதான் ஏறுவான். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்குள் கல்லில் நார் உரித்துவிடலாம்! அவன் பெண்டாட்டி செங்கமலம் பதினோரு வருஷம் உரித்துப் பார்த்தாள்.

கடைசியில் மகள் செவந்தியின் காதுகுத்தில் வெடித்தது. அறுபது பேருக்கு அவள் ஒருத்தியே ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். வந்தவர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். புகையில் சிவந்த கண்ணோடு வந்து புருஷன் இலைக்கு முன்னால் நின்று, "எப்புடி இருக்கு?" என்று கேட்டாள் பாவி மகள். அவன் தலையைத் தூக்காமல், "உப்பு கூட" என்றான். பந்தியே சிரித்தது. மறுநாள் காலையில் செங்கமலம் தகரப்பெட்டியையும் ஆறு வயதுப் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு அறந்தாங்கிப் பக்கத்தில் இருக்கிற பிறந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நாலு நாளில் வந்துவிடுவாள் என்று ஊர் நினைத்தது. மாதம் இரண்டு போனது. அவள் அண்ணன் கண்ணுசாமியிடமிருந்து ஆள் வந்தது. வைகாசி பத்தாந்தேதி பெரியவர்களை வைத்துப் பேசப்போகிறார்களாம். மாப்பிள்ளை வந்து முறையாகக் கூட்டிக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் அன்றைக்கே அத்துவிடுவார்களாம். அத்துவிட்டால் முடிந்தது. தாலியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள், அவள் யாரோ இவன் யாரோ. அதைக் கேட்ட பிறகுதான் பிச்சைமுத்துவுக்கு வீடு வெறிச்சோடிக் கிடப்பதே உறைத்தது. மனுஷனுக்கு உறைக்கிறதுக்கும் ஒரு நேரம் வேண்டியிருக்கிறது, என்ன செய்ய?

இந்தச் சமயத்தில்தான் ரேடியோவில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பேச்சு வர ஆரம்பித்தது. தானிய விலை, மழைச் செய்தி எல்லாம் முடிந்ததும் ஒரு பெரியவர் வாழ்க்கையில் முன்னுக்கு வருவதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார். விலையைக் கேட்டதும் வேட்டியை உதறிக்கொண்டு ஊர் எழுந்து போய்விடும். பெட்டிக்கு எதிரில் பிச்சைமுத்து ஒருவன்தான் மிஞ்சுவான். சாவி அவனிடம் இருக்கிறதே, எங்கே போவான்! முதல் வாரம் சும்மா உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வாரம் அந்தக் குரல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலவே பேசியது.

"உங்கள் வீட்டில் இருப்பவர்கள் ஒரு நல்ல சொல்லுக்காக ஏங்கிக்கொண்டிருக்கலாம். பாராட்டை மனத்துக்குள் பூட்டி வைக்காதீர்கள். வராவிட்டால் பழகுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் தினம் ஒன்று சொல்லிப் பழகுங்கள்; பிறகு வீட்டில் தானாக வரும்."

பிச்சைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். வைகாசி பத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. மாட்டை ஏருக்குப் பழக்கலாம், வண்டிக்குப் பழக்கலாம், நாக்கைப் பழக்க முடியாதா? அந்த ஐயா சொன்னதை வரி தவறாமல் செய்து, செங்கமலத்தின் முன்னால் போய் நின்று ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு கட்டினான்.

ஐயா பட்டணத்துக்காரர். கருங்குளப்பட்டி சங்கதி அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே யாரும் யாருடைய எதையும் முகத்துக்கு நேரே நன்றாயிருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். கொழுகொழுவென்று ஒரு பிள்ளையைப் பார்த்தால், "என்னடி, கருவாட்டத் தூக்கிக்கிட்டுத் திரியிறே?" என்பார்கள். பெற்றவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், பட்டால் பட்டதுதான். பிச்சைமுத்துவும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். ஆனால் ரேடியோவில், அதுவும் சர்க்கார் பெட்டியில் சொன்னால் அதற்கு வேறே மரியாதை இல்லையா?

முதல் பாராட்டு பக்கத்து வீட்டு மருதாயிக்கு. அவள் கறந்துகொண்டிருந்தாள். இவன் வேலியோரம் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "சின்னாத்தா, ஒங்க மாடு லெச்சுமி கணக்கா இருக்கு. இப்புடி ஒரு மடிய நான் இந்தச் சுத்துவட்டாரத்துலயே பாத்ததில்ல" என்றான்.

மருதாயியின் கை நின்றது. பிறந்ததிலிருந்து 'ம்' என்பதற்கு மேல் பேசாதவன்! அவள் சேலைத் தலைப்பால் மடியை மறைத்துக்கொண்டு, "எலே, ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். மூன்றாம் நாள் மாடு எட்டி உதைத்தது. நான்காம் நாள் கறவை நின்றுவிட்டது. கன்று பெரிதாகிவிட்டது, அது எப்படியும் நிற்கிற காலம்தான். அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? மருதாயி வேலியோரம் பிச்சைமுத்துவின் காலடி மண்ணைச் சுரண்டி எடுத்து, உப்பு மிளகாயோடு மாட்டைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லையாம். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது தலைவர் ஆண்டியப்பனின் புதுக் காளை. "நடையா இது, ராச நடை!" என்றான். அந்த வாரமே காளை நொண்டியது. டீக்கடையில் புதிதாக வாங்கி வைத்திருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்து, "பளபளன்னு என்னமா இருக்கு" என்றான். அவன் திரும்புவதற்குள் ஜாடி படீரென்று விரிசல் விட்டது. கடைக்காரர் இவனை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அப்பேர்ப்பட்ட பார்வையை எமனும் பார்த்திருக்க மாட்டான்.

இவன் விட்டானா? விடவில்லை. ஐயாதான் அதற்கும் வழி சொல்லிவிட்டாரே: "ஆரம்பத்தில் சிலர் உங்களைத் தவறாக நினைப்பார்கள். தளர்ந்துவிடாதீர்கள்." பிச்சைமுத்து தளராமல் பாராட்டினான். ஊர் தளர்ந்துபோனது. அவன் தெருவில் வந்தால் பெண்கள் பால் சொம்பை மூடினார்கள், பிள்ளைகளின் கன்னத்தில் மைப்பொட்டு பெரிசு பெரிசாக ஏறியது. அவன் வீட்டு வாசலில் காலடி மண் எடுத்து எடுத்தே ஒரு குழி விழுந்துவிட்டது.

ஒரு நாள் ஆண்டியப்பன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "எலே பிச்ச, ஒனக்குப் புண்ணியமாப் போகும். பழையபடி வாய மூடிக்கிட்டு இரு. ஒன் நாக்குல சனி குடியிருக்கான்டா."

"ரேடியோவுல சொன்னாங்க தலைவரே."

"ரேடியோவுல மழை பேயும்னுந்தான் சொன்னான். பேஞ்சுச்சா?"

பிச்சைமுத்து வீட்டைப் பார்க்க நடந்தான். அன்று வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கையைப் பார்த்தான். செங்கமலம் நட்டது. பூவும் பிஞ்சுமாகச் சடைத்துக் கிடந்தது. அதையும் ஒரு சோதனை பார்த்துவிடுவோம் என்று, "எங்கூட்டு முருங்கை கணக்கா உண்டா" என்று மெல்லச் சொன்னான். மறுநாள் மதியம் சித்திரைக் காற்று ஒன்று சுழற்றி அடித்தது. மரம் நடுவில் முறிந்து வேலியில் சாய்ந்தது. முருங்கை காற்றுக்கு முறியக்கூடிய மரம்தான். அது அவனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் முறிந்த மரத்தின் பக்கத்தில் அவன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். நாக்கு பழகிவிட்டது, சரி. பழகிய நாக்கை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் எப்படி நிற்பது?

வைகாசி பத்து வந்தது. அவன் புதுக்கோட்டையில் பஸ் மாறி அறந்தாங்கிக்குப் போய், அங்கிருந்து நடந்து மாமனார் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. புளியமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் இரண்டு பெரியவர்கள், பக்கத்தில் கண்ணுசாமி. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு செங்கமலம் நின்றாள். இளைத்திருந்தாள். ஆனாலும் அவளைக் கண்டதும் இவனுக்கு ஒரு நல்ல வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சட்டென்று பார்வையைத் தரையில் போட்டான்.

கண்ணுசாமி நேராக விஷயத்துக்கு வந்தார். "மாப்ளே, நாங்க பணங்காசு கேக்கல, மன்னிப்பும் கேக்கல. இந்தப் பெரியவங்க முன்னால எந்தங்கச்சியப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. இப்பவே பெட்டியத் தூக்கி வச்சு நானே பஸ் ஏத்தி விடுறேன்."

அட கடவுளே! இதற்காகத்தானே ஏழு வாரம் பழகினான்? சொல்ல வேண்டியது தொண்டைக்குழியில் நின்றது. ஒன்றில்லை, நூறு நின்றது. அவன் வாயைத் திறந்தான். நின்ற பால், நொண்டிய காளை, முறிந்த மரம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க மாப்ளே."

"சொல்ல மாட்டேன் மச்சான்."

"பாத்துக்கிட்டீங்களா?" என்று கண்ணுசாமி பெரியவர்களைப் பார்த்தார். "ஒரு வார்த்தை! அதுக்குக்கூட வக்கில்ல. இவன்கிட்டப் புள்ளையக் குடுத்தோமே." பெரியவர்களில் ஒருவர், தாலியைக் கழற்றச் சொல்லலாமா என்று கேட்டார். கதவோரத்தில் செங்கமலத்தின் கை கழுத்துக்குப் போனது.

அந்த நேரத்தில் செவந்தி உள்ளிருந்து ஓடி வந்தாள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். "அப்பா, மாமா ரிப்பன் வாங்கிக் குடுத்துச்சு. நல்லாருக்காப்பா?" என்று அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பிச்சைமுத்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

செங்கமலத்துக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "பெத்த புள்ளையப் பாக்கக்கூட ஒங்களுக்குப் புடிக்கலையா? என்னய விடுங்க, நான் வந்தவ. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கத்திக்கொண்டே முற்றத்துக்கு இறங்கி வந்தாள்.

"பாத்தா நல்லாருக்குன்னு சொல்லிருவேன்" என்றான் அவன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "சொன்னா அதுக்கு ஒண்ணு ஆயிரும். நான் சொன்னதெல்லாம் வெளங்காமப் போச்சு புள்ள. மருதாயி மாடு போச்சு, தலைவர் காளை போச்சு. நீ வச்ச முருங்கைய நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே முறிஞ்சு விழுந்துருச்சு. ஒன்னய எப்புடிச் சொல்லுவேன்? இத்தன வருஷம் எனக்குச் சொல்லத் தோணல, அது எங்குத்தந்தான். இப்பத் தோணுது. பாக்கப் பாக்கத் தோணுது. நீ அங்க இல்லாட்டியும் இங்க உசுரோட இருப்ப. அதுக்குத்தான் சொல்ல மாட்டேங்கிறேன்."

கண்ணுசாமிக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "இதெல்லாம் ஒரு காரணமாய்யா?" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றாள் செங்கமலம். "பதினோரு வருஷத்துல இவரு எனக்காக ஒரு நா பயந்து நான் பாத்ததில்ல. எனக்குக் காச்ச வந்தப்பக்கூட, கஷாயத்தக் குடின்னுட்டுக் கொல்லைக்குப் போன மனுசன். இன்னிக்குப் பயந்து நிக்கிறாரு. எனக்கு வேற வார்த்தை வேணாம்."

முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, பெட்டியை எடுக்க அவள் வீட்டுக்குள் போனாள். பிச்சைமுத்து இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. செவந்திக்குப் பொறுமை போய்விட்டது. அவன் இடுப்பில் தொற்றி ஏறி, ஒரு கையால் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மற்றக் கையின் பிஞ்சு விரல்களால் அவன் இமையைப் பிரித்தாள்.

"பாருப்பா" என்றாள்.

பார்த்தான்.