சத்தத்தைக் கூட்டும் வாண்டா

கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே வாண்டா கிர்ச்னர் முதல் படுக்கைக்குப் போய்விடுவாள். இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரில் அலாரச் சத்தம் ஒன்றில் இருக்கும், எட்டுக்கு ஏற்றுவாள். அடுத்த படுக்கை, அதற்கடுத்தது. பதினாறையும் முடித்த பிறகுதான் பனி அப்பிய பூட்ஸை மாற்றுவாள்.

"ஆரம்பிச்சிட்டியா கச்சேரிய?" என்பாள் சக நர்ஸ் ரெனீட்டா.

"செத்தவனுக்குத்தான் அமைதி வேணும். இங்க யாரும் இன்னும் சாகலயே!"

மினசோட்டாவின் ஏரிக்கரை ஊரொன்றில் இருந்த அந்த மருத்துவமனைக்கு பிரென்ட் சட்லி மேலாளராக வந்தது ஓட்டல் தொழிலிலிருந்து. நோயாளிகளை 'விருந்தினர்கள்' என்பார். 'அமைதியான வார்டு' விருதின் மேல் அவருக்குத் தீராத ஆசை. அலாரங்களைக் குறைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

வாண்டா முப்பத்தோரு புகார்ப் படிவங்கள் எழுதினாள். முப்பத்தொன்றுக்கும் ஒரே பதில்: "உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்." பிறகு இனிமையாகப் பேசும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று புன்னகையோடு தொடங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு வந்தாள்.

"பிரென்ட், எனக்குக் கவலையா இருக்கு," என்று பல் தெரியச் சிரித்தாள். "ஆள் செத்துடுவாங்கன்னு கவலையா இருக்கு."

ஜனவரியில் அவள் விடுப்பில் இருந்த ஒரு மதியம், பதினோராம் படுக்கையில் எர்னிக்கு இதயம் நின்றது. ஊரின் தெருக்களில் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர். சாப்பாடு வாங்கப் போன மனைவி திரும்பி வந்து அலறிய பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். எர்னி பிழைத்தார். மனைவியின் பெயர்தான் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் பிரென்ட் கூட்டம் போட்டு, குழுவின் வேகத்தைப் பாராட்டி கேக் வெட்டினார்.

"நாலு நிமிஷம், பிரென்ட்," என்றாள் வாண்டா. "மிஷின் நாலு நிமிஷம் கத்தியிருக்கு. ஒருத்தர் காதுலயும் விழல."

"வாண்டா, கேக்கை முன்னால வச்சுக்கிட்டு இதையா பேசறது?"

ரெனீட்டா தட்டிலிருந்த கிரீமை முள்கரண்டியால் சமன்படுத்திக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே வாண்டா தன் பெயர் போட்டு மாநிலச் சுகாதாரத் துறைக்கு எழுதினாள். படிவங்களின் நகல்களையும் இணைத்தாள். அடுத்த வாரம் அவளைக் கீழ்த்தளத்துக்கு, பழைய கோப்புகளை அடுக்க அனுப்பினார்கள். 'பதவி உயர்வுக்கான அனுபவம்' என்றது உத்தரவு. உணவுக்கூடத்தில் அவள் மேசையில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. ஓய்வு பெற மூன்று வருடங்கள்தான் பாக்கி. வேலை போய்விடுமோ என்று பயந்த நாட்களும் உண்டு. அதை அவள் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

மார்ச்சில் சுகாதாரத் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. பிரென்டே அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்து வந்தார்.

"எங்க நர்ஸுங்க எதையும் மனசு விட்டுப் பேசுவாங்க, மேடம். நானும் கூடவே உக்காந்துக்கறேன்."

வாண்டா ஆய்வாளருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், தனக்கு ஒன்று. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாழ்வாரத்தில் வைத்து, பிரென்ட் உட்காரும் வரை காத்திருந்து, கதவைச் சாத்தினாள்.