அசெம்பிள் மேசையும் ரெடிமேடு பெட்டியும்

கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று வாங்க எங்கள் கடைக்கு நான்கு பேர் வருவார்கள்: விளையாடப் போகிறவர், பணம் கொடுக்கிறவர், யூட்யூப் பார்த்துவிட்டு வந்தவர், எதைக் காட்டினாலும் 'கோயம்புத்தூர்ல இதவிடக் கம்மி' என்கிறவர். நால்வருக்கும் இருப்பது ஒரே கேள்விதான். பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் பண்ணி வாங்குவதா, கம்பெனியே மூடி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் ரெடிமேடு பெட்டியை வாங்குவதா? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ஏழு வருடமாக நின்றபடியே இதற்குப் பதில் சொல்லிக் கால் வீங்கியவள் நான். பெயர் அமலி. கடையில் நின்று பிழைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உங்கள் காலும் வீங்கித்தான் இருக்கும்.

கடையின் பின்பக்கம் என் அசெம்பிள் மேசை. வெள்ளை லைட், காந்தம் வைத்த ஸ்க்ரூ டிரைவர்கள், நான் மட்டும் உட்காரும் ஒரு ஸ்டூல். போன வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு முதலாளி வந்து அந்த மேசையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "அமலி, இனிமே ரெடிமேடு மட்டும் போதும்னு பாக்குறேன். அதுல ஒண்ணுன்னா கம்பெனி நம்பரக் குடுத்துட்டு நாம சிவனேன்னு இருக்கலாம். தீபாவளி வரைக்கும் பாப்பேன். உன் தப்பால ஒரே ஒரு மெஷின் திரும்பி வந்தாலும் மேசையத் தூக்கிருவேன். நீ முன்னாடி உக்காந்து பில்லு போடு" என்றார்.

பில் போடுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் அது என் வேலை இல்லை. நான் பாலிடெக்னிக் படித்து, கையைச் சுட்டுக்கொண்டு கற்ற வேலை இந்த மேசையில்தான் இருந்தது. வந்த கோபத்தில் "வரட்டும், பாப்போம்ண்ணே" என்று மட்டும் சொன்னேன். அதன்பின் நடந்தவைதான் இவை.

மெக்கானிக் எங்கே?

முதலில் வந்தவர் வடமதுரையில் விதைக்கடை வைத்திருப்பவர். கல்லூரியில் படிக்கும் மகனுக்குக் கேமிங் மெஷின் வேண்டும். மகன் போனில் அனுப்பிய பட்டியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டு, "மெக்கானிக் எங்கத்தா?" என்று கேட்டார். "நாந்தாங்கய்யா" என்றேன். நான் ஏதோ வேடிக்கைக்குச் சொன்னதுபோல் சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் கண்முன்னாலேயே மதர்போர்டை எடுத்து வைத்தேன். பிராசசரை மூலை பார்த்து உட்கார வைத்தேன். ராம், கூலர், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். அவர் என் கையைப் பார்த்த நேரத்தைவிட வாசலைப் பார்த்த நேரம்தான் அதிகம். ஒன்றரை மணி நேரம் கழித்து வயரையெல்லாம் கட்டி, ஸ்விட்சைப் போட்டு, கேம் ஒன்றை ஓட விட்டுக் காட்டினேன். எழுந்து வந்து குனிந்து பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்குத்தா. மெக்கானிக் வந்ததும் ஒருவாட்டி சரி பாக்கச் சொல்லிரு, நான் செத்த நேரம் டீக்கடையில இருக்கேன்."

பூட்டு

இன்னொரு அப்பா. பிளஸ் டூ பையனை வெளியே பைக்கில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து ரகசியம் பேசினார். கம்ப்யூட்டர் வேண்டும், ஆனால் பரீட்சை முடியும்வரை அதை யாரும் தொடக் கூடாது. பாஸ்வேர்டு வைக்கலாம் என்றேன். வீட்டில் எல்லாருடைய போனுக்கும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பதே அந்தப் பையன்தானாம். அப்படியென்றால் பரீட்சை முடிந்து வாங்குங்கள் என்றேன். முதலாளி என்னைப் பார்த்து முறைத்தார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறவளை எந்த முதலாளிக்குப் பிடிக்கும்? அவர் உடனே ரெடிமேடு பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து காட்டினார். அந்த அப்பா பெட்டியை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொண்டியோ நாதாங்கியோ எதுவும் இல்லை. நிமிர்ந்து எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "திண்டுக்கல்லுல கடை வச்சுக்கிட்டு, ஒரு பூட்டு மாட்ட வழியில்லாத பெட்டிய விக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

கிணற்று மோட்டார்

தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் தம்பியோடு வந்தார். தோப்பு வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் கார் ரேஸ் பைத்தியம். "வீட்டுல மோட்டார் ஓடுமா? வோல்டேஜ் எப்படி?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முதலாளி நடுவில் புகுந்து பளபளவென்று விளக்கு எரியும் ரெடிமேடு பெட்டி ஒன்றைக் காட்டினார். விளக்கு ஏழு கலரில் எரிந்தது. என் கேள்வி அதோடு அணைந்துபோனது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இரண்டே வாரத்தில் திரும்பி வந்தார்கள். "ஏனுங்க, கெணத்து மோட்டாரப் போட்டா இந்தப் பொட்டி பட்டுனு நின்னு போகுதுங்க" என்றார் அண்ணன். முதலாளி கம்பெனி நம்பரைக் கொடுத்தார். கடையிலேயே நின்று முக்கால் மணி நேரம் போனைக் காதில் வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு குரல், பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும், பத்து நாள் பொறுங்கள், ஆள் வருவார் என்றது. விஷயம் ரொம்பச் சின்னது. மோட்டார் இழுக்கும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். அதைத் தாங்கும் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டப்பா, நல்லதாக இருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் விளக்குக்குச் செலவழித்துவிட்டு டப்பாவில் மிச்சம் பிடித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

"தொறக்கட்டுமா? அப்புறம் வாரண்டி கேக்க முடியாது" என்று சொல்லிவிட்டு நின்றேன். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அண்ணனே தன் கட்டைவிரல் நகத்தால் மூடியில் ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்தார். என் சந்தேகம் சரிதான். டப்பாவை மாற்றிக் கொடுத்தேன். முதலாளி அந்தப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தது அவர் விற்ற பெட்டி, என் மேசைக்கு அதில் சேதம் இல்லை. தம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் சொன்னார்: "மாடு வாங்குனா பல்லப் புடிச்சுப் பாக்கறமுங்க. இவிங்க வாயத் தெச்சுல்ல குடுத்துட்டாங்க!"

சிறுமலை பஸ்

சிறுமலையில் மிளகும் வாழையும் போட்டிருக்கும் ஒருவர், மழைக் காலத்தில் பொழுது போகவில்லை என்று அசெம்பிள் மெஷின் கேட்டு வந்தார். மெஷினைச் சேர்த்து முடித்த பிறகுதான் சொல்கிறார், மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோகப் போகிறாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மலை ரோட்டில் அத்தனை வளைவு. அவர் கேட்ட கிராபிக்ஸ் கார்டோ செங்கல் கனம். பஸ் குலுங்குகிற குலுக்கலில் கார்டு இடம் பெயர்ந்தால் மதர்போர்டும் போகும், என் மேசையும் போகும்.

மாட்டிய கார்டைக் கழற்றித் தனி டப்பாவில் வைத்தேன். "மேல போயி நீங்களே மாட்டணும்" என்றேன். மனிதர் பயந்துவிட்டார். விட மாட்டேன் என்று அங்கேயே நான்கு தடவை மாட்டிக் கழற்றப் பழக்கினேன். 'டக்' என்று சத்தம் வந்தால்தான் உட்கார்ந்தது என்று அர்த்தம், ரெண்டு ஸ்க்ரூ, ஒரு வயர், அவ்வளவுதான் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். ஏழு நாள் ஒரு தகவலும் இல்லை. போன் போட்டால் டவர் இல்லை. அந்த ஏழு நாளும் கடை வாசலில் யார் பெட்டியோடு வந்தாலும் அவராக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். எட்டாம் நாள் மிளகு மூட்டையோடு இறங்கியவர் நேராகக் கடைக்கு வந்தார். "கார்டு டக்குனு உக்காந்துருச்சும்மா. அதப் பாத்துட்டு ஊருல என்னைய இஞ்சினியருன்னுட்டாங்க. ரெண்டு மிக்ஸியும் ஒரு டிவியும் ரிப்பேருக்கு வந்து வீட்டுல கெடக்கு, இப்ப நான் என்ன செய்யிறது?"

பத்தரைக்குள்

செல்வி அக்கா பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்கிறவர். விடியும் முன்பே எழுந்து ஓடுகிற வேலை. மதியத்துக்கு மேல் ஓய்வு. அந்த ஓய்வில் துப்பாக்கிச் சண்டை விளையாட ஒரு மெஷின் கேட்டார். "இந்த வயசுலயா?" என்று கூட வந்த அவர் வீட்டுக்காரர் முனகினார். "இந்த வயசுலதான் என் காசு என் கையில இருக்கு" என்றார் அக்கா. எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மெஷினை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்று பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்கு முன் படியிறங்கிவிட வேண்டும் என்றார். நான் ஞாயிறு பூசைக்குச் சர்ச்சுக்குப் போகிறவள். எனக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு இருந்தால் எனக்கும் உண்டு. ஒரு பார்சல் வரத் தாமதமாகி, ஒன்பதரைக்குத்தான் வேலையைத் தொடங்கினேன். பத்து இருபத்தைந்துக்கு மெஷின் ஆட்டோவில் ஏறிவிட்டது. அக்கா சந்தனம் குங்குமம் வைத்த கையோடு எனக்கும் ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் அந்த மெஷின் அக்காவோடு திரும்பி வந்தது. விளையாட ஆரம்பித்த பத்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடுகிறதாம். முதலாளி என் பின்னால் வந்து நின்றார். கூலரைக் கழற்றிப் புரட்டினேன். அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. மாட்டும் முன் உரிக்கவும் என்று சிவப்பில் எழுதிய தாள். ஏழு வருடத்தில் நான் உரிக்காமல் விட்ட முதல் தாள் அது. பிராசசரின் சூடு கூலருக்கு ஏறவே வழியில்லை. பத்தரையைப் பார்த்த அவசரத்தில் தாளைப் பார்க்கவில்லை. அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. முதலாளி குனிந்து என் காதருகே, "பூ மார்க்கெட்டுத் தூசி அடைச்சிருச்சுன்னு சொல்லிரு. அவுங்களுக்கு என்ன தெரியப் போகுது? அப்ப உன் தப்புன்னு ஆகாது, மேசையும் இருக்கும்" என்றார்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அந்த மேசையில் உட்கார்ந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. தாளை உரித்து அக்கா கையில் கொடுத்தேன். "தப்பு என்னோடதுக்கா. அவசரத்துல இத எடுக்காம விட்டுட்டேன்" என்றேன். அக்கா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்புட்டுப் பேரும் கரண்ட்டக் கொற சொல்லுவான், மழையக் கொற சொல்லுவான். எந் தப்புன்னு சொன்ன மொத ஆளு நீதான். அதுக்காக விட்டுருவேன்னு நெனைக்காத, நான் பாக்க ஒழுங்கா மாட்டு!"

வேண்டாத மேசை

அக்கா மெஷினோடு போனதும் முதலாளி கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தப்பிக்க ஒரு வழியைக் கையில் எடுத்துக் கொடுத்தவர். "நான் ஒரு வழி காட்டுனேன், நீ போகல. இப்ப சொன்ன சொல்ல மாத்துனா எனக்கு என்ன மரியாதை?" என்றார். "மாத்த வேண்டாம்ண்ணே" என்றேன். "நீங்க சொன்னபடி மேசையத் தூக்கிருங்க. வேண்டாத மேசைதான, எனக்கே குடுத்துருங்க. பில்லு போட வேற ஆளப் பாத்துக்கங்க." எடுத்துக்கொண்டு போ என்பதுபோல் அவர் கையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் ஒரு குட்டியானை வண்டியில் அந்த மேசையை நாகல் நகரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா தையல் மெஷினை நகர்த்தி வாசல் அறையில் இடம் கொடுத்தார். கடையில் நான் அழுததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டியில் ஏறிய பிறகுதான் அழுதேன். தீபாவளிக்குள் இரண்டே இரண்டு மெஷின் சேர்த்துக் கொடுத்தேன், ஒன்று செல்வி அக்காவின் நாத்தனாருக்கு. ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் நன்றாகக் கழியட்டும் என்று சொல்லி நிதானமாகத்தான் கொடுத்தேன். தீபாவளி கழிந்த வாரம் ஒரு போன் வந்தது. முதலாளி. நலம் விசாரித்தார், அம்மாவை விசாரித்தார், மழையை விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "ஒண்ணுமில்ல அமலி, ரெடிமேடு பெட்டி ஒண்ணு சூடாகிச் சூடாகி நிக்குது. கம்பெனி நம்பர்ல காலையிலருந்து பாட்டு மட்டும்தான் பாடுறான். அந்த மேசைக்கு அனுப்பிவிடட்டா?"

அசெம்பிள் பண்ணுவதா, பெட்டியாக வாங்குவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் ஏழு வருட அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான்: பெட்டியாக வாங்கினால் தப்பு யாருடையது என்று கடைசிவரை தெரியாது, என்னிடம் வாங்கினால் வீட்டு விலாசத்தோடு தெரியும்.