பக்கத்து ஆணியில் ஒரு ரொட்டி

"எப்ப திரும்புவீங்க?"

டிராமில் ஏறுகிற யாரிடமும் கண்டக்டர் மஸ்தூரா அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டார். சமர்கந்து டிராமில் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், அதனால் அது அவருக்குத் தேவையில்லாத சமாச்சாரம்.

"சந்தைக்குப் போறேன்கா. என்னமோ துருக்கிக்குப் போற மாதிரி கேக்குறியே" என்பார் வெங்காய வியாபாரி.

"சந்தைக்குத்தான் போறேன்னு எங்க சித்தப்பாவும் போனாரு. மறுநாள் வந்தாரு, ஒரு கழுதையோட. நேரத்தைச் சொல்லுங்க."

நேரத்தைச் சொன்னால்தான் டிக்கெட் கிழியும். பூப்போட்ட நீளச் சட்டைக்கு மேல் கையில்லாத நீலச் சீருடை, தோளில் தோல்பை, சீருடைப் பையில் வறுத்த பூசணி விதை. வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கம்பியைப் பிடிக்க மாட்டார். யாருடைய கூடையிலாவது ரொட்டி கவிழ்ந்து கிடந்தால், அது ரொட்டிக்கு அவமரியாதை என்று கேட்காமலே கையை விட்டு நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்வார். ஒரு நாள் அவர் அப்படி நிமிர்த்தி வைத்தது என் கூடையில். அன்றிலிருந்து நாங்கள் சிநேகம்.

அவர் வீட்டுக் கூடத்தில், கிழக்குச் சுவரில், இரண்டு ஆணிகள். இரண்டிலும் ஒவ்வொரு ரொட்டி. இரண்டிலும் ஒவ்வொரு கடி. எங்கள் ஊரில் தூரதேசம் கிளம்புகிறவன் புது ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். மீதி சுவரில் தொங்கும். அவன் திரும்பி வந்துதான் அதைத் தின்னவேண்டும். எங்கள் ரொட்டி கெட்டுப்போகாது. காய்ந்து மரமாகும், அவ்வளவுதான்.

ஒரு ரொட்டி மகன் அக்மலுடையது. மாஸ்கோவில் கட்டட வேலை. ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வசந்தத்துல வந்துடுறேன்மா" என்பான். இன்னொன்று நஃப்தாலி ரோட்மன் கடித்தது.

ரோட்மன் போலந்து யூதர். யித்திஷ் மொழியில் கதை எழுதியவர். ஜெர்மன் படைக்குத் தப்பி ஓடி, வடக்கே ரஷ்யக் கட்டாய உழைப்பு முகாமில் மரம் வெட்டி, யுத்தத்தின் நடுவில் டைபஸ் காய்ச்சலோடு சமர்கந்தில் வந்து விழுந்தார். மனைவியோடு இந்த வீட்டின் மூலை அறையில்தான் இருந்தார். யுத்தம் முடிந்து கிளம்பும்போது, வீட்டுக்குப் புது மருமகளாக வந்திருந்த பெண் சுட்ட ரொட்டியைக் கடித்துவிட்டுப் போனார். அந்த மருமகள்தான் பிற்பாடு அக்காவுக்கு மாமியார். "சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு விஷயம் சொன்னாங்க. திராட்சைக் கொடிக்குத் தண்ணி ஊத்து, எழுத்தாளர் ரொட்டியை எறக்கிடாதே. பெத்த மகனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை" என்று சிரிப்பார்.

இந்த வருஷம் ரோட்மனின் வாழ்வும் எழுத்தும் பற்றிய கண்காட்சி எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. நான் அங்கே காட்சிப் பெட்டிகளுக்கு விளக்கம் எழுதும் வேலையில் இருந்தேன். இரண்டு எழுத்து உடைந்த தட்டச்சுப் பொறி, பஞ்சு பிதுங்கும் கோட்டு, பழுப்பேறிய கதைத் தாள்கள். ஒரு கதையில், தன் பங்கு ரொட்டியில் விளிம்பை மட்டும் தின்றுவிட்டு மெத்தென்ற நடுவை அகதிக் குழந்தைக்கு ஒதுக்கும் ஒரு மருமகள் வருகிறாள். அதன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பொறுப்பாளர் ஃபர்ரூக் அண்ணன் நடு மண்டபத்தின் கண்ணாடிப் பெட்டியை அக்காவின் ரொட்டிக்காகக் காலியாக வைத்திருந்தார். அக்கா கொடுக்க மறுத்தார்.

"அக்கா, அந்த மனுஷன் செத்து அம்பது வருஷமாச்சு. இன்னும் யாருக்காகத் தொங்குது அது?"

"செத்தது எனக்குத் தெரியாதா? அவரு இனி வரமாட்டாருன்னு சொல்லி அதை நான் எறக்கினா, பக்கத்து ஆணி பாத்துக்கிட்டிருக்குமே தம்பி. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, மாதிரி ரொட்டி ஒன்று செய்யச் சொன்னார். ரொட்டி வந்தது. கடிக்க ஆள் வரவில்லை. கடித்தால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் அல்லவா! காவலாளி பின்னுக்கே நகர்ந்துவிட்டார். "நான் கடிச்சேன்னு கேள்விப்பட்டா எம் பொண்டாட்டி பெட்டியைக் கட்டி வாசல்ல வச்சுடுவா சார். ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்கா." பெட்டி காலியாகவே இருந்தது.

திறப்பு விழாவுக்கு அக்கா சீருடையோடு நேராக டிராமிலிருந்து வந்து கடைசி வரிசையில் நின்றார். இந்தப் பொருள்களையெல்லாம் தான் வசிக்கும் ஹைஃபா நகரிலிருந்து கொண்டுவந்திருந்த ரோட்மனின் மகள் பேசினார். பெய்லா என்று பெயர், எண்பதை நெருங்கும் வயது, கையில் ஊன்றுகோல். போலந்துப் பள்ளியில் கற்ற ரஷ்ய மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார்: "நான் பிறந்தது இந்த ஊரில்தான். என்னைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள்."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். டிராமில் வழிவிடச் சொல்வாரே, அதே மாதிரி தோளால் தள்ளிக்கொண்டு.

"பல்லு முளைக்காமப் போன குழந்தை நீங்கதானா?"

பெய்லா அம்மா விழித்தார். "ஆமா. ஏன், இப்பவும் பாதிப் பல்லு இல்லையே."

"கடிக்க முடியாதுன்னு உங்க ஈறை ரொட்டி விளிம்புல அழுத்தி எச்சில் படவச்சாங்களாம். எங்க மாமியார் சொல்லுவாங்க. அந்த ரொட்டியில உங்க பங்கும் இருக்கு. வந்துட்டீங்கள்ல, வாங்க வீட்டுக்கு."

அன்று பிற்பகலே பெய்லா அம்மாவும் ஃபர்ரூக் அண்ணனும் நானும் போனோம். அக்கா கைகால் கழுவிவிட்டு முக்காலியில் ஏறினார். ரொட்டியை இரண்டு கையாலும் இறக்கினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, நிலா மாதிரி வட்டமாக இருந்தது. சூடான தேநீரில் ஒரு துண்டை ஊறப்போட்டுக் கிண்ணத்தை நீட்டினார். பெய்லா அம்மா அப்பாவின் பல் பதிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் மென்றார். "மண்ணு மாதிரி இருக்கு" என்றார். கண் தளும்பிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் குடு."

மீதியைக் கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பகிர்ந்தார் அக்கா. வழக்கம் அப்படித்தான். ஃபர்ரூக் அண்ணன் தன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். கண்காட்சியின் முக்கியப் பொருளல்லவா அது.

"தம்பி, அதைப் பையில போட்டா, டிராம்ல ஏறவிடமாட்டேன். தின்னு."

தின்றார். அக்கா குறடு எடுத்துவந்து, காலியான ஆணியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். "இது இனி எனக்கு வேணாம். உங்க பெட்டியில வச்சுக்கோங்க." இப்போது நடு மண்டபத்தில், விளக்கொளியில், துருப்பிடித்த அந்த ஆணிதான் இருக்கிறது. அதற்கு விளக்கம் எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அன்று நாங்கள் இரண்டாம் சுற்றுத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அக்மல் போனில் வந்தான். முகம் திரையில் தெரிந்தது, தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் கிரேன்.

"என்னம்மா வீட்ல ஒரே சத்தம்? யாரு வந்திருக்கா?"

"ஒரு அம்மா. வெளியூர்லேருந்து."

"என்ன விஷயமா?"

"சாப்பிட வந்தாங்க."

"சரி சரி, நல்லா கவனி. அப்புறம்மா, இந்த வசந்தம் முடியாது போல. மேஸ்திரி என்ன சொல்றான்னா..."

அக்கா போனை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார். வெள்ளை வட்டம், நடுவில் ஆணி இருந்த ஓட்டை, பக்கத்தில் தனியாக ஒரு ரொட்டி. போனில் கிரேன் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா கையைத் தாழ்த்தவில்லை.