மச்சான் கிளை

கார்மேகத்தைத் திருடன் என்று பேசியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் எதைத் திருடினார் என்றே தெரியாது. எனக்குத் தெரியும். அந்தத் திருட்டை மறைக்க வாய் கூசாமல் பொய் சொன்னவனே நான்தான். அதனால் இதைச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை.

என் பெயர் சதக்கத்துல்லா, ஊர் கீழக்கரை. ஓமானில் நிஸ்வாவிலிருந்து ஜெபல் அக்தர் மலைக்குப் பிக்கப் ஓட்டினேன். அரிசி, கேஸ் சிலிண்டர், ஆட்டுத் தீவனம் என்று எது கொடுத்தாலும் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நடை. கீழே வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்திலும் மேலே சாயங்காலமானால் சட்டைக்கு மேல் இன்னொன்று போடத் தோன்றும். மாதுளையும் அக்ரூட்டும் விளைகிற மலை. ஆப்பிளும் விளையும் என்று நிரூபித்தவர் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கார்மேகம். கருவேலங்காட்டுக்காரர். ஓமான் வரும்வரை ஆப்பிளைக் கடையில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

தொண்ணூற்றாறில் வந்தவர், முதலில் ஆடு மேய்த்தார். பிறகுதான் மலைமேல் அர்பாபின் தோட்டத்துக்கு வந்தார். முதலாளியை அங்கே அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாயிரத்தில் அர்பாப் மஸ்கட்டிலிருந்து நாற்பது ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்து, "இது உன் பொறுப்பு" என்று கார்மேகத்திடம் விட்டார். மூன்றாம் வருடம் நாற்பதும் பூத்தன. பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். பூ உதிர்ந்தது, காய் பிடிக்கவில்லை. மறு வருடமும் அப்படியே. அர்பாப் பொறுமை இழந்தார்.

"கலாஸ், போதும். இன்னும் ஒரு வருஷம் பார். இல்லையென்றால் பிடுங்கிவிட்டு மாதுளை வைத்துவிடலாம்" என்றார் இந்தியில்.

கார்மேகம் என் வண்டி டயர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மரத்தப் பிடுங்குனா என்னையும் பிடுங்கிருவாக பாய். மாதுளைக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்கானுக" என்றார்.

ஆனால் அந்த மனிதர் சும்மா புலம்புகிறவர் இல்லை. சுவரோரம் நின்ற மூன்று மரங்களில் மட்டும் பதினேழு காய் இருந்ததை எண்ணி வைத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவரின் தோட்டம். அங்கே ஒரு பழைய ஆப்பிள் மரம், சிறிய மஞ்சள் பழம் காய்க்கிறது, அதன் ஒரு கிளை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இதற்கும் அதற்கும் ஏதோ இருக்கிறது, விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். நான் நிஸ்வாவில் உரக்கடை வைத்திருந்த எகிப்துக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நாற்பதும் ஒரே ரகம், ஒரே தாய்மரத்தின் ஒட்டு, ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் காய் பிடிக்காது, அதே வாரத்தில் பூக்கிற வேறு ரகம் ஒன்று பக்கத்தில் வேண்டும் என்றார்.

இதைப் போய்ச் சொன்னதும் கார்மேகம் தொடையைத் தட்டினார்.

"அடப்பாவி, நாப்பதும் பங்காளிகளா? பங்காளிக்குள்ள எப்பிடிச் சம்பந்தம் பண்ணுறது? மாமன் மச்சான் மொறையில ஒரு மரம் வேணும் பாய்."

மச்சான் மரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் சொந்தக்காரர் அர்பாபின் பெரியப்பா மகன். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எந்த முறை என்கிற தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. அந்த வீட்டு வேலைக்காரனுக்கு சலாம் சொல்லக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை. போய் ஒரு குச்சி கேட்டால், அர்பாபே அவர் முன்னால் கையேந்தியதாக ஆகிவிடும். கேட்காமல் எடுத்தார் கார்மேகம்.

பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு எல்லோரும் போயிருந்த நேரம். பென்சில் தடிமனில் குச்சிகளை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, மூன்று மரத்துக்கு ஒரு மரம் வீதம் ஒட்டுக் கட்டினார். பெரியகுளத்தில் மாங்கன்று நர்சரியில் வேலை பார்த்த கை அது, ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. ஒட்டு பூக்க இரண்டு வருடம் ஆகும், அர்பாப் கொடுத்ததோ ஒரு வருடம். அதனால் மார்ச்சில் பூ விரிந்ததும் மறுபடி சுவரேறி, பூத்த கிளைகளையே வெட்டினார். நான் கொண்டுபோய்க் கொடுத்த காலிப் பெயின்ட் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி, கிளைகளைச் செருகி, மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டார். மிச்சத்தைத் தேனீக்கள் பார்த்துக்கொண்டன. அந்தப் பத்து நாளும் அர்பாப் மஸ்கட்டில் இருந்தது எங்கள் நல்ல நேரம்.

இரண்டாயிரத்து நாலு ஜூனில் நாற்பது மரமும் காய்த்து நின்றன. அர்பாப் ஒரு பழத்தைக் கடித்து, கொட்டை வரை தின்று முடித்தார். பிறகு கார்மேகத்தின் தோளில் கை வைத்து, "உன் ஊரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டு வா, விசா தருகிறேன்" என்றார். வளைகுடாவில் ஒரு முதலாளி தரக்கூடிய பெரிய மரியாதை அது.

கார்மேகம் அந்த விசாவைத் தன் மனைவி ஜெயமணியின் தம்பி உடையப்பனுக்குக் கொடுத்தார். முப்பது வயது, கல்யாணமாகி ஒரு பிள்ளை, ஊரில் எந்த வேலையிலும் நிலைக்காதவன். வந்தவனுக்கு அவர் வேலை மட்டுமா சொல்லிக் கொடுத்தார்? எந்தக் கிளை எங்கிருந்து வந்தது, எந்த வெள்ளிக்கிழமை, எந்தச் சுவர் என்று எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் தனியாக அழைத்துக் கண்டித்தேன்.

"மேகம், லீவுல போற எவனும் இங்க தொழிலு முழுசையும் அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போகமாட்டான். களவையும் சேத்துச் சொல்லிட்டியளே."

"அவன் அடுத்தவனா பாய்? எம் பொஞ்சாதியோட கூடப் பொறந்தவன்" என்றார்.

இரண்டாயிரத்து ஆறில் ஒட்டுக் கிளைகள் தாமாகவே பூத்தன. இனிச் சுவரேற வேண்டியதில்லை. ஒரே மரத்தில் சிவப்புப் பழம் ஜூன் ஜூலையில் முடிய, மஞ்சள் பழம் ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பர் வரை வந்தது. மூன்று வார அறுவடை மூன்று மாதத்தைத் தொட்டது. இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று அர்பாப் கேட்டபோது கார்மேகம் என்னைப் பார்த்தார். நிஸ்வா நர்சரியில் நான் வாங்கிக் கொடுத்த குச்சி என்றேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். அர்பாப் அதை நம்பி, தன் மஜ்லிஸில், விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடத்தில், ஊர்ப் பெரியவர்களுக்கு மஞ்சள் பழத்தை அறுத்து வைத்துப் பெருமை பேசினார்.

அக்டோபரில் கார்மேகம் லீவில் போனார். பிப்ரவரியில், பூ விரிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று நாள் குறித்துவிட்டுத்தான் போனார். ஜனவரியில் உடையப்பன் போன் பண்ணியிருக்கிறான். "மச்சான், அர்பாப் ஒங்கள வர வேணாம்னுட்டாரு." காரணம் கேட்டதற்குத் தெரியாது என்று வைத்துவிட்டான்.

கார்மேகம் எனக்குப் போன் செய்தார். நான் அன்றைக்கே மலையேறினேன். அர்பாப் என்னை உட்காரச் சொல்லவில்லை, வந்தவர்க்கெல்லாம் தரும் கஹ்வா காபிகூட ஊற்றவில்லை. "நீ வாங்கிக் கொடுத்த குச்சியா அது? அந்தப் பெரியப்பா மகன் மரத்துப் பழத்தை என் பழம் என்று ஊர் முன்னால் சொன்னேனே. உன் சிநேகிதன் திருடன், நீ பொய்யன். அவன் இனி வேண்டாம்" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சேர வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், திருட்டுக் கிளைகளில் ஒன்றைக்கூட அவர் வெட்டவில்லை. ஆளை மட்டும்தான் வெட்டிவிட்டார்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் ஊரில், ஒருவன் நான். உடையப்பன் மரத்தடியில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். 

"இது வீட்டு விசயம் பாய். ஒங்களுக்குத் தெரியாது" என்றான்.

சோறு போட்டவர் இலையில் மண்ணைப் போட்டுவிட்டு வீட்டு விஷயமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஜூலையில் நான் லீவில் கிளம்பியபோது, அக்காவுக்குக் கொடுங்கள் என்று சோப்பும் பால்பவுடரும் தைலமுமாக ஒரு பார்சல் கொண்டுவந்தான். வண்டியிலிருந்து அப்படியே தூக்கி எறிந்தேன்.

கார்மேகத்தை அவர் வீட்டில் பார்த்தபோது எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. ஆறு மாதமாக வெளியே தலைகாட்டுவதில்லை. அந்த ஊரிலிருந்து எட்டுப் பேர் ஓமானில் இருந்தார்கள். களவாண்டு துரத்தப்பட்டவன் என்ற பேச்சு அவர்கள் வழியே ஊருக்கு வந்துவிட்டது. டீக்கடையில் எவனோ இவரைக் கண்டதும், பார்த்து, பையை எடுத்து உள்ளே வை என்று சிரித்திருக்கிறான். அன்றிலிருந்து டீயும் வீட்டோடு.

"பூ நல்லா வந்துச்சா பாய்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வந்தது என்றேன். "மச்சான் கிளைல?" அதிலும் வந்தது என்றேன். 

மத்தியானம் ஜெயமணி எங்கள் இருவருக்கும் சோறு போட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டே உடையப்பனைத் திட்ட ஆரம்பித்தேன். நன்றி கெட்டவன், வெளங்கவே மாட்டான், பெற்ற பிள்ளைக்கு இதே கதி வரும் என்று வாய் போன போக்கில் போனேன். குழம்புச் சட்டியோடு நின்ற ஜெயமணிக்குப் பிள்ளையைச் சபித்தது பொறுக்கவில்லை.

"அவனத் திட்டாதீக அண்ணே. நாஞ் சொல்லித்தான் அவன் செஞ்சான்."

கார்மேகம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா. அவன்தான் வெளாட்டாச் சொன்னான், மச்சான் சுவரேறுன கதைய. அதச் சொல்லி இவுகள திரும்ப அங்க வரவிடாமப் பண்ணுன்னு நாந்தான் சொன்னேன். மாட்டேன்னுதான் சொன்னான். அழுது, சத்தியம் வாங்கி, சொல்ல வச்சேன்."

"எதுக்கு?" என்றார் கார்மேகம். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"எதுக்கா? பதினோரு வருசமா வந்துருங்க வந்துருங்கன்னுதான கேட்டேன். இந்தப் பூ முடியட்டும், இந்தக் காய் முடியட்டும்னுதான சொன்னீக. மூணு வாரத்துல முடிஞ்ச காய மூணு மாசமாக்கி வச்சீக. அப்பறம் எப்ப வருவீக?"

எனக்கு அந்தப் பெண்ணின் மீதும் கோபம் வரவில்லை, அதற்கு மேல் உடையப்பன் மீதும் வரவில்லை. இத்தனை நாள் சுமந்துகொண்டு வந்த ஆத்திரத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"போகவிடாம நிறுத்தணும்னா ஆயிரம் வழி இருந்துச்சு ஜெயமணி. மேலுக்கு முடியலன்னு ஒரு பொய் சொல்லியிருந்தாக்கூட போகாம இருந்திருப்பேனே. திருடன்னு சொல்லியா நிறுத்தணும்?"

ஜெயமணி இன்னும் கொஞ்சம் சோறு எடுத்து அவர் தட்டில் வைக்கக் குனிந்தது. கார்மேகம் தட்டின்மேல் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவன்தான் கெடுத்தான்னு நெனச்சிருந்த வரைக்கும் இவ கையால சோறு எறங்குச்சு பாய். இனி யாரு கையால திங்கிறது?"