பஞ்சலிங்கத்தின் லொறியும் ஆனைக்கோட்டைச் சந்தியும்

வட்டுக்கோட்டைப் பஞ்சலிங்கம் கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பைத் தெற்கு வாசலிலும் மற்றதைக் கிழக்கு வாசலிலும் கழற்றி விடுகிற ஆள். அப்படிப்பட்ட மனிதரிடமே, டீசல் தட்டுப்பாட்டுக் காலத்தில், வரிசையில் நின்றபடி அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து யாரோ லொறி டாங்கிக்குள் குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டு போய்விட்டான். தட்டுப்பாடு தீர்ந்தது. அவருடைய பயம் மட்டும் தீரவில்லை.

முதலில் டாங்கி மூடிக்குச் சங்கிலியும் பூட்டும் போட்டார். போன மாதம் பக்கத்து வீட்டு மோட்டார்சைக்கிளில் பெற்றோல் களவு போனதும் பூட்டின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. கள்ளனைக் கூப்பிடுவது டீசல் மணம்தான் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். டாங்கியின் வாயைப் பொலித்தீனால் மூடி, அதன்மேல் ரயர் ரியூப்பை வெட்டி வைத்து இறுக்கிக் கட்டி, மூடியைப் போட்டு, சங்கிலி சுற்றிப் பூட்டினார். திறப்பு அரைநாண் கொடியில்.

அன்று பிடித்தது சனி. மரக்கறி ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும்போது லொறி நல்ல பிள்ளையாகத்தான் ஓடும். மானிப்பாய் தாண்ட இழுவை குறையும். பிறகு திக்கித் திணறி மிஸ் அடிக்கும். ஆனைக்கோட்டைச் சந்தியில் நின்றே விடும். பஞ்சலிங்கம் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் திரும்ப ஸ்டார்ட் வரும். “பஞ்சண்ணையின்ரை லொறிக்கும் ஒரு பிளேன்ரீ போடு” என்று கடையில் பகிடி பண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

பகிடியைப் பொறுக்கலாம், மனைவி பாலேஸ்வரியைப் பொறுக்க முடியாது. தங்கச்சியின் மகளின் சாமத்தியச் சடங்குக்குப் பட்டுச்சேலையோடு போன மனுசியை அதே சந்தியில் உச்சி வெயிலில் இருத்தி வைத்தால் சும்மா விடுவாளா?

“இஞ்சேருங்கோ, இன்னொருக்கால் இது றோட்டிலை நிண்டுதெண்டால் வித்துப்போடுங்கோ.”

சொன்னதோடு நில்லாமல், கொடிகாமத்தில் லொறி வாங்கி விற்கிற ஜெயசுதனோடு விலையும் பேசிவிட்டாள். லொறி இருந்தால் அவரைப் ‘பஞ்சண்ணை’ என்று கூப்பிடச் சந்தை முழுக்க ஆள் உண்டு. லொறி போனால் தேங்காய் திருவக் கூப்பிட வீட்டில் ஒரே ஒரு ஆள்தான்.

யாழ்ப்பாணம் ஐந்துசந்திக்குப் பக்கத்தில் கராச் வைத்திருக்கும் ஹனீபா பாவம், என்னதான் செய்யவில்லை! டீசல் வடிகட்டியை மாற்றினார். பைப்பில் எயார் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றித் துப்புரவாக்கினார். பம்பையும் விடவில்லை. கராச்சில் இன்ஜின் நாதஸ்வரம் போலப் பாடியது. பாடாமல் என்ன செய்யும்? டாங்கிக் கோலத்தைக் கண்டால் ஹனீபா சிரிப்பார் என்று, கராச்சுக்கு முந்தின ஒழுங்கையிலேயே பஞ்சலிங்கம் எல்லாவற்றையும் கழற்றிச் சீற்றுக்கு அடியில் ஒளித்துவிடுவார். வைத்தியரிடம் போகிறவன் புண்ணை மறைத்தால் வைத்தியர் எதைப் பார்ப்பது?

“அண்ணை, இங்கை ஒண்டுமே தெரியேல்லை. நானும் ஏறி வாறன். ஓட்டத்திலை பாப்பம்” என்று ஹனீபா ஒரு நாள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

டீசல் நிரப்பிக்கொண்டு வட்டுக்கோட்டைப் பக்கம் புறப்பட்டார்கள். ஆனைக்கோட்டை வந்தது, போனது. லொறி இருமவே இல்லை. மானிப்பாயில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். வாய் வரை டீசல், கட்டில்லாத டாங்கி, சுற்றிலும் முன்பின் தெரியாத ஆட்கள். பஞ்சலிங்கத்துக்குத் தேத்தண்ணி தொண்டையால் இறங்கவில்லை. “ஒண்டுக்கு இருந்திட்டு வாறன்” என்று எழும்பிப் போய், பொலித்தீன், ரியூப், சங்கிலி எல்லாவற்றையும் அவசர அவசரமாகக் கட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தேத்தண்ணி இறங்கியது.

சங்கானைக்குக் கிட்டப் போகும்போது இழுவை குறைந்தது. பிறகு திக்கல், திணறல். நின்றேவிட்டது.

ஹனீபா அவரைத் திரும்பிப் பார்த்தார். “அண்ணை, மானிப்பாய் மட்டும் நல்லா வந்தது. நான் தேத்தண்ணி குடிக்கேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நானோ? நான் ஒண்டும் செய்யேல்லை.”

ஹனீபா இறங்கி நேரே டாங்கிக்குப் போனார். “திறப்பைத் தாங்கோ.”

பஞ்சலிங்கம் நடுத்தெருவில் வெட்கப்பட்டுக்கொண்டு சாரத்தை நெகிழ்த்தித் திறப்பை எடுத்துக் கொடுத்தார். பொலித்தீன் நீங்கினதும் டாங்கி ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. கிணற்றுக்குள் முக்குளித்தவன் மேலே வந்து மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது.

“டீசல் வெளியாலை போகப்போகக் காத்து உள்ளை வரோணும் அண்ணை. அதுக்குத்தான் மூடியிலை ஓட்டை விட்டிருக்கு. வழியை அடைச்சால் பம்ப் எங்காலை இழுக்கிறது?” என்றார் ஹனீபா. சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார், முடியவில்லை. தெருமதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

லொறி பிழைத்ததே என்ற சந்தோசத்தில் பஞ்சலிங்கத்துக்குக் கண் கலங்கியது. ஆனால் வீட்டில் சொல்ல வேண்டுமே.

பாலேஸ்வரி படலையிலேயே நின்றாள். “இண்டைக்கும் நிண்டதோ?”

“ஓம். சங்கானையிலை. லொறியிலை ஒரு பிழையும் இல்லையப்பா. எல்லாம் என்னாலைதான்.”

“அது கலியாணம் கட்டின நாள் தொட்டு எனக்குத் தெரியும். லொறிக்கு என்ன எண்டு சொல்லுங்கோ.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ரியூப்பையும் பொலித்தீனையும் கூட எடுத்துக் காட்டினார். பாலேஸ்வரி உள்ளே போய்ப் போனை எடுத்து ஜெயசுதனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, லொறி விக்கிறேல்லை. இஞ்சை ஒரு ஆள் நிக்குது. வேணுமெண்டால் வந்து அதைப் பாருங்கோ.”