தட்டோடு நின்ற விருந்து

திருவிதாங்கூரில் எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். நான் பாறசாலையில் மிஷன் பள்ளிக்கூட டீச்சர். என் கணவர் திருவனந்தபுரத்து கான்ட்ராக்டர் ஒருவரிடம் குமாஸ்தா. கள்ளிக்காட்டுப் பக்கம் பெரிய வேலை ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் அந்த கான்ட்ராக்டர் நகரத்து ஓட்டலில் விருந்து வைத்தார். குமாஸ்தாக்கள் மனைவியோடு வர வேண்டுமாம்.

நான் வரவில்லை என்றேன். அதியன்னூரில் என் அண்ணன் கை ஒடிந்து கிடந்தான். தையல்காரன். எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்கள்மேல் விழுந்த தடியடியில் வலது முழங்கை நொறுங்கிவிட்டது. அன்று காலையில்கூட அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

“மொகத்தக் காட்டிட்டு வந்திருவோம். எனக்க சோலியாக்கும் இது” என்று கணவர் கெஞ்சினார். போனேன்.

கூடத்தின் ஒரு பக்கம் பச்சைத் துணி விரித்த மேஜைகளில் பணம் வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் நீள மேஜை நிறையக் கறியும் மீனும். இலையும் இல்லை, பந்தியும் இல்லை. தட்டில் தானே அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றபடியே தின்ன வேண்டும். சிலர் மலையாகக் குவித்து, பாதி தின்று, தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுப் புதுத் தட்டு எடுத்தார்கள்.

கான்ட்ராக்டர் என் தட்டைப் பார்த்தார். “எடுத்தோ டீச்சரே, நாணிக்கண்டா. பாறசால மதராசில் போயால் பின்னே இதொக்கெ எவிடே கிட்டும்?”

வெட்கப்படாமல் எடுக்க வேண்டுமாம், பாறசாலை மதராசோடு சேர்ந்துவிட்டால் எங்களுக்கு இந்தச் சோறு கிடைக்காதாம். சீட்டு மேஜைகள் குலுங்கிச் சிரித்தன. அதுகூடப் பரவாயில்லை. என் கணவரும் சிரித்தார். “செரியாக்கும் சாரே” என்றார்.

எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தமிழில்தான் சொன்னேன். “எனக்க அண்ணன் அதக் கேக்கப் போயித்தான் கை ஒடிஞ்சு கெடக்கான். உங்களுக்கு அது தமாசாக்கும், என்னா?”

கணவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். உதறினேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவர் கூடவே வருவார் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார், வாயைத் துடைத்துக்கொண்டு.

“நீங்க எதுக்குச் சிரிச்சிய?” என்றேன் பஸ்ஸில்.

“மொதலாளி சிரிச்சா சிரிக்காண்டாமா? நமக்குச் சம்பளம் தாறது அவராக்கும்.”



கணவருக்கு வேலை போய்விடும் என்று உள்ளூர ஒரு பயம் இருந்தது. போகவில்லை. ஏன் என்று சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவில் கான்ட்ராக்டர் காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். “டீச்சர்க்கு அன்னு வயறு சுகமில்லாயிருந்து, அல்லே? இப்போ பேதமாயோ?” என்று, அன்று சரியில்லாத வயிறு இப்போது தேவலையா என அன்பாக விசாரித்தார்.

என் கணவர் உள்ளே நின்ற அந்த அரை மணியில் இதைத்தான் சொல்லியிருக்கிறார். வயிற்று நோவில் ஏதோ உளறிவிட்டாள் என்று.

“வயித்துக்கு ஒண்ணுமில்ல. நான் சொன்னது சொன்னதாக்கும்” என்றேன் நடுத்தெருவில். கான்ட்ராக்டர் முகம் சுருங்கியது. கார் போய்விட்டது.

பிறகு எல்லை போட்டார்கள். நாங்கள் கேரளத்தில் நின்றோம். அண்ணன் கை நிமிரவே இல்லை. தையல் மெஷினை விற்றான். கணவரோடு அதற்குப் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தேன், பிள்ளைகள் பெற்றேன். அந்தச் சிரிப்பை மட்டும் இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.