அக்கா சேர்த்ததும் அக்கா எடுத்ததும்

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மனிதரின் முதல் மின்னஞ்சல் வந்தது. கூட வேலை செய்யும் அக்கா வலது கையால் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கை விரலால் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் படித்தார். படித்து முடித்ததும் ஒரே சிரிப்பு. "எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்பாதே, பிரிச்சுப் பிரிச்சு அனுப்புன்னு சொல்றாரு. அப்புறம், நாளைக்கு உங்க கம்பெனி இல்லாமப் போனா இதை யாரு பாத்துக்குவாங்கன்னு கேக்குறாரு." எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார் இந்த ஆள்? சோறு சாப்பிடும் நேரத்தில் நம் கம்பெனிக்குச் சாவு ஜோசியம் பார்க்கிறானே என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எனக்கு இன்னொரு அப்பளம் கொண்டுவரச் சொன்னார்.

பங்சார் போகும் வழியில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. எண்ணெய்ச் செம்பனைத் தோட்டங்களின் தண்ணீர் பம்புகளை இயக்குவதற்காகப் புதுவகைச் சிப் ஒன்றை நாங்களே வடிவமைத்திருந்தோம். சிப்புக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். நாம் எழுதும் கட்டளையை எண்ணாக்க அசெம்பிளர் வேண்டும், துண்டுகளைக் கோக்க லிங்க்கர் வேண்டும், எண்களைத் திரும்பக் கட்டளையாகப் படித்துக் காட்ட டிஸ்அசெம்பிளர் வேண்டும். உலகம் முழுக்க இலவசமாகப் பயன்படுத்தும் இந்தக் கருவிகளின் நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. அதில் எங்கள் சிப்புக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதலாம். கிடைக்காவிட்டால் எல்லாம் எங்கள் நாலு சுவருக்குள்ளேயே செத்துப் போகும். அந்த இடத்தை வாங்கும் வேலை அக்காவுடையது. சிப்பைச் சோதிப்பது நான். உள்ளே விடுவதா வேண்டாமா என்று சொல்வது எங்கோ குளிர்நாட்டில் இருந்த, அந்த மின்னஞ்சல் எழுதிய பரிசோதகர்.

அக்கா பந்திங்கிலிருந்து பஸ்ஸில் வருவார். கணினியோடு பேசுவார், "வாடா, இப்பவாச்சும் ஒழுங்கா வா" என்று கெஞ்சுவார், வராவிட்டால் எருமை என்று திட்டுவார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். அவர் லீவு போட்ட நாளில் அந்த மாடியில் எனக்கு மூச்சு முட்டும்.

பரிசோதகர் லேசில் விடவில்லை. நிரல் வரியில் இடைவெளி சரியில்லை என்பார், சோதனை போதாது என்பார். அக்கா எழுதிய சோதனைகளோ எல்லாம் தேறின. கட்டளையை அசெம்பிளரில் போட்டு எண்ணாக்கி, அதை டிஸ்அசெம்பிளரில் போட்டால் அதே கட்டளை அச்சு அசலாகத் திரும்பி வந்தது. வேறென்ன வேண்டுமாம் இவருக்கு? அவர் கேட்டார்: 'இரண்டையும் எழுதியது ஒரே ஆள். ஒரே தப்பை இரண்டிலும் செய்திருந்தால் ஒத்துத்தானே போகும்? உண்மையான சிப்பில் ஓட்டிப் பார்த்தீர்களா?' அந்த ஆளின் மூக்கை உடைத்துவிடலாம் என்று உற்சாகமாகச் சிப்பில் ஏற்றினேன். மின்ன வேண்டிய விளக்கு மின்னவே இல்லை. 'இத்தனை கட்டளை தள்ளித் தாவு' என்றால் எங்கள் சிப் அடுத்த கட்டளையிலிருந்து எண்ணும். அக்கா இருக்கிற கட்டளையிலிருந்து எண்ணியிருந்தார், இரண்டு கருவியிலும். உடைந்தது எங்கள் மூக்குத்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், திருத்தினார், நன்றி சொல்லி எழுதினார். நான் இரண்டு நாள் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, கம்பெனியை மூடப்போவதாகச் சொன்னார். சிப் அந்தக் கருவிகளில் சேரும்வரை வெளியே மூச்சு விடாதீர்கள் என்றார். அன்று மாலையே அக்கா எல்லாரும் படிக்கும் பொது மின்னஞ்சல் குழுவில் எழுதிவிட்டார்: 'எங்கள் கம்பெனி மூடப்படுகிறது. தோட்டங்களில் சிப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்.' நான் குதித்தேன். "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களேக்கா! கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, "கேட்டவருக்குப் பதில் சொல்லணும்ல," என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுவாரம் அந்த மனிதர் எங்கள் சிப்பைச் சேர்த்துக்கொண்டார். பொறுப்பாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது.

அதன்பின் நான் கிள்ளானில் வேறு வேலைக்குப் போனேன், அக்கா வேறெங்கோ போனார். ஆனால் அந்தக் கருவிகளின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமையில், பந்திங் வீட்டில் உட்கார்ந்து எங்கள் சிப்பின் சோதனைகளை ஓட்டுவார். போன வருடம் கூப்பிட்டு, "நம்ம சிப்பை அதுலேருந்து எடுத்துடலாம்னு எழுதிட்டேன்மா," என்றார்.

"ஏங்க்கா?"

"தோட்டத்துல எல்லாம் வேற சிப் மாத்திட்டாங்க. ஒவ்வொரு இடமா கேட்டுட்டேன். நம்மகிட்ட இருந்த, அந்தச் சிப் வச்ச கடைசி போர்டும் கெட்டுப் போயிடுச்சு. ஓடுதுன்னு நான் எதை வச்சு சொல்றது? அந்தக் கருவியில பொதுவா ஏதாச்சும் மாத்துற பிள்ளைங்க நம்ம சிப்புக்கும் சேர்த்து உழைக்குதுங்க, பாவம்."

ஒரு சிப்பை நீக்குவதென்றால் முதலில் அறிவித்துவிட்டு, யாராவது நீக்க வேண்டாம் என்கிறார்களா என்று ஒரு பதிப்புக் காலம் காத்திருப்பார்கள். "நான் யூஸ் பண்றேன்னு ஒரு மெயில் தட்டிவிடவா?" என்றேன். "பண்றியா?" என்றார். நான் மெயில் தட்டவில்லை. வேறு யாரும் நீக்க வேண்டாம் என்று எழுதவில்லை.

கெடு முடிந்ததும், சேர்த்தபோது செய்தது போலவே பிரித்துப் பிரித்து, சுத்தமாக, நீக்கும் திருத்தங்களை அனுப்பினார். வந்த பதிலைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினார். அதே மனிதர்தான். 'உங்கள் பகுதியால் இங்கே யாருக்கும் தொந்தரவு இல்லை. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே. எடுத்துத்தான் ஆக வேண்டுமா?' பாதியில் நிறுத்திவிட்டு அக்கா மறுபடி முதலிலிருந்து படித்தார். எங்களை வாசலிலேயே நிறுத்தி அத்தனை கேள்வி கேட்ட ஆள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவரே சொல்றாரு, விட்டுடுங்களேன்க்கா."

அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"இருக்கச் சொன்னாருல்ல, அது போதும் லா," என்றார் அக்கா. "எடுத்துடுங்கன்னு எழுதிட்டேன்."